இரண்டரை மீட்டர் இடம்... இரண்டு மீட்டர் கார்!

அலாய் வீலில் விழும் கீறலுக்கு ஓட்டுபவர் மட்டும்தான் காரணமா?

சென்னையில் அசோக் நகர், அண்ணா நகர், வேளச்சேரி என்று எந்தப் பகுதியிலாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்குக்குள் நுழைந்து, நிற்கிற கார்களின் சக்கரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்து வாருங்கள். வலப்பக்கச் சக்கரங்கள் பெரும்பாலும் ஷோரூம் பளபளப்போடு இருக்கும். இடப்பக்கம் வந்தால் கதையே வேறு. ரிம்மின் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் கடித்தெடுத்த தடங்கள் இருக்கும். சில கார்களில் ஸ்போக்கின் முனையே செதுக்கப்பட்டிருக்கும். அதிலும் இடது பின்சக்கரம்தான் அதிகம் அடிவாங்கியிருக்கும்.

நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருகிறார். வண்டியைச் சாலையின் இடது ஓரத்தில் நிறுத்துகிறார். பிளாட்பாரக் கல்லும், கேட்டின் தூணும், பக்கத்து வீட்டு வாசல் படியும் அவர் கண்ணுக்கு எட்டாத பக்கத்தில்தான் நிற்கின்றன. அந்தப் பக்கத்தைக் காட்டும் முக்கியச் சாதனமான இடப்பக்கக் கண்ணாடியோ குவிந்த கண்ணாடி. பார்வைப் பரப்பை விரித்துக் காட்டும்; ஆனால் பொருள்கள் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதுபோலத் தெரியும். 'இன்னும் இடம் இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டுவிடுகிறது.

புது கார் என்றால் அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். வீட்டுக்கு வந்தால் விசாரணை. "பார்த்து ஓட்டக் கூடாதா?" ஓட்டியது மனைவியோ மகளோ என்றால் விசாரணை இன்னும் நீளும். ஒரு கீறலுக்குப் பிறகு சாவி ஆணியில் தொங்கி, அதோடு அவர்கள் ஸ்டீயரிங் பிடிப்பதே நின்றுபோன வீடுகள் நம்மிடையே உண்டு. அதைவிட அநியாயம் வேறில்லை. ஏனென்றால், இந்தக் கீறல்களுக்கான பொறுப்பில் பெரும்பங்கு ஓட்டுபவரின் கையில் இல்லை. நாம் வாங்கும் கார்களின் உடலிலும் அவற்றை நிறுத்த நாம் கட்டும் இடங்களிலும்தான் இருக்கிறது.

ஸ்விஃப்ட் பெரிதா, அம்பாசடர் பெரிதா?

இந்தக் கேள்விக்கு யாரும் யோசிக்காமல் பதில் சொல்வார்கள். ஆனால், அகலத்தை அளந்தால் பதில் மாறிவிடும். அம்பாசடரின் அகலம் 1,662 மில்லிமீட்டர். இன்றைய மாருதி ஸ்விஃப்ட்டின் அகலம் 1,735. நம் நினைவில் குடும்பமே ஏறிப்போகும் பெரிய வண்டியாக நிற்கும் அம்பாசடரைவிட, சின்ன கார் என்று நாம் சொல்லும் ஸ்விஃப்ட் 7 சென்டிமீட்டர் அகலம்.

நடுத்தரக் குடும்பங்களின் முதல் காராக இருந்த மாருதி 800 வெறும் 1,440 மி.மீ. அந்த இடத்துக்கு இன்று வந்து நிற்கும் ஹூண்டாய் கிரெட்டா 1,790. மஹிந்திரா எக்ஸ்யுவி 700 என்றால் 1,890. ஸ்கார்பியோ-என் 1,917. இவையெல்லாம் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத கணக்கு. சேர்த்தால் கிரெட்டாவே இரண்டு மீட்டரைத் தொட்டுவிடும்.

இடம் அப்படி வளர்ந்திருக்கிறதா? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி ஒரு காருக்கான பார்க்கிங் கட்டம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். மாருதி 800 அந்தக் கட்டத்தின் நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் அரை மீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். கிரெட்டா நின்றால் பக்கத்துக்கு 35 சென்டிமீட்டர். ஸ்கார்பியோ-என் நின்றால் 29. கதவைத் திறந்து ஆள் இறங்க வேண்டும் என்பதால் ஓட்டுபவர் வண்டியை இடப்பக்கமாக ஒதுக்குகிறார். அங்கேதான் தூண் காத்திருக்கிறது.

கார்கள் ஏன் இப்படி அகன்றுகொண்டே போகின்றன? பக்கவாட்டு மோதலில் பயணிகளைக் காக்கத் தடித்த கதவுகள், விரிந்த இருக்கைகள், சாலையில் பிடிமானத்துக்காகத் தள்ளி வைக்கப்பட்ட சக்கரங்கள் எனப் பல காரணங்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், நம் வரிக் கொள்கையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்படாத இன்ஜினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோதும் அந்த 4 மீட்டர் கோடு அப்படியே இருந்தது. நீளத்துக்கு வரம்பு வைத்தவர்கள் அகலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. விளைவு, 3,995 மி.மீ. நீளத்தில் கச்சிதமாக நின்றுகொண்டு, அகலத்தில் 1,790-ஐயும் 1,800-ஐயும் எட்டும் 'குட்டி' எஸ்யுவிகள். மாருதி பிரெஸ்ஸாவும் டாடா நெக்ஸானும் இந்த வகைதான்.

ஜப்பானில் இதை வேறு மாதிரி யோசித்தார்கள். அங்கே 'கெய்' என்ற சின்ன கார் வகைக்கு வரிச்சலுகை கிடைக்க வேண்டுமானால் நீளம் 3.4 மீட்டரைத் தாண்டக் கூடாது, அகலமும் 1.48 மீட்டரைத் தாண்டக் கூடாது. போதாததற்கு, நிறுத்த இடம் இருக்கிறது என்று நிரூபித்த பிறகே காரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1962-இலிருந்து இருக்கிறது. குறுகிய தெருக்கள் நம்மிடமும்தான் உள்ளன. மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளிலும், மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் பார்க்கிங் தேடி அலைந்தவர்களுக்கு அந்த 1.48 மீட்டரின் மதிப்பு புரியும்.

இது நமக்கு மட்டுமே உரிய தலைவலியும் அல்ல. ஐரோப்பாவில் புது கார்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் அகன்றுகொண்டே போவதாக 'டிரான்ஸ்போர்ட் அண்டு என்விரான்மென்ட்' அமைப்பு 2024-இல் கணக்கிட்டுச் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் பாரிஸ் நகர மக்கள், வெளியூரிலிருந்து வரும் கனமான எஸ்யுவிகளுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மும்மடங்காக்க வாக்களித்தார்கள்.

கல் எங்கே தொடுகிறது?

இந்திய சாலைக் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டுதல்படி பிளாட்பாரக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இது முதியவர்களும் குழந்தைகளும் ஏறி இறங்குவதற்காக வைத்த வரம்பு, நியாயமான வரம்பு.

இனி டயர் பக்கம் வருவோம். உங்கள் டயரின் பக்கவாட்டில் 215/60 ஆர்17 என்பதுபோல ஓர் எண் இருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் பக்கச்சுவர் 129 மி.மீ. ரிம்மின் உதடு டயரின் மேல் கொஞ்சம் இறங்கி நிற்கும். வண்டியின் எடையில் டயரும் அடியில் கொஞ்சம் நசுங்கியிருக்கும். இரண்டையும் கழித்தால் ரிம்மின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பிளாட்பாரக் கல்லோ 15. டயர் கல்லை நெருங்கினால் அடுத்து ரிம்தான்.

அந்தக் காலத்துக் கார்களிலும் ரிம் தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் ஒன்றும் இல்லை. ஆனால், இரும்பு ரிம் டயருக்குள் பதுங்கியிருந்தது. டயரின் வயிறு வெளியே பிதுங்கி நின்று உரசலை வாங்கிக்கொண்டது. அதையும் மீறி உரசினால் பிளாஸ்டிக் வீல் கப்பில் ஒரு கோடு விழும். கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டினால் தீர்ந்தது. இன்றைய அலாய் வீலில் ஸ்போக்குகள் வெளி விளிம்பு வரை வந்து, சிலவற்றில் டயருக்குச் சமமாகவும், சிலவற்றில் டயரைத் தாண்டியும் நிற்கின்றன. அழகுக்காகத்தான். ஒரே காரிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். புது ஸ்விஃப்ட்டின் அடிப்படை மாடலில் 165/80 ஆர்14 டயரும் இரும்பு ரிம்மும். உச்ச மாடலில் 185/65 ஆர்15 டயரும் அலாய் வீலும். விலை ஏற ஏற ரிம் வளர்கிறது, அதைக் காக்கும் ரப்பர் சுருங்குகிறது.

அடுத்தது, சக்கரங்கள் போகும் பாதை. திருப்பத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது என்று டிரைவிங் ஸ்கூலில் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு விலகும் என்று சொல்வதில்லை. முன்-பின் சக்கரங்களுக்கு இடையே 2.6 மீட்டர் இருக்கும் ஒரு காரை முழுக்க ஒடித்துத் திருப்பினால், உள்பக்கப் பின்சக்கரம் உள்பக்க முன்சக்கரத்தைவிடக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஒரு மீட்டர்! இடப்பக்கம் திரும்பிக் கேட்டுக்குள் நுழையும்போது முன்சக்கரம் தாராளமாகத் தப்பித்துப் போய்விடும். பின்சக்கரம் தூணின் அடிக்கல்லை மேய்ந்துவிட்டு வரும். இடது பின்சக்கரம் எப்போதும் அடிவாங்குவதன் ரகசியம் இதுதான்.

கேமரா, சென்சார் எல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புது கார்களுக்குப் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். ஆனால், அவை பம்பரில் பின்னோக்கிப் பதிக்கப்பட்டவை. பின்னால் நிற்கும் சுவரைச் சொல்லும். பக்கவாட்டில் நெருங்கும் கல்லைச் சொல்லாது. 360 டிகிரி கேமரா நல்ல உதவிதான். ஆனால், அது நான்கு படங்களை ஒட்டித் தைத்துக் காட்டும் காட்சி. தரையில் வரைந்த கோட்டையும் தரையிலிருந்து எழும்பி நிற்கும் கல்லையும் அது ஒரே மாதிரி தட்டையாகக் காட்டும். படத்தில் இடைவெளி தெரிகிறது என்று நம்பி ஒடித்தால் உரசும்.

கையால் தடவிப் பாருங்கள்

உரசிவிட்டது. இறங்கிப் போய்ப் பார்க்கிறீர்கள். கண் முதலில் ரிம்மின் கீறலுக்குத்தான் போகும். அதை விடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது டயரின் பக்கச்சுவரை.

ரேடியல் டயரில் தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டைகள் உண்டு. பக்கச்சுவரில் அவை கிடையாது. நூலிழைகளும் அவற்றை மூடிய ரப்பரும்தான். கல்லில் அழுத்தி உரசும்போது அந்த இழைகள் உள்ளுக்குள் அறுந்தால் வெளியே உடனே தெரியாமலும் போகலாம். சில நாள் ஓடிய பிறகு, அறுந்த இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளி ஒரு புடைப்பு எழும். இதைப் பகலில் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கையை டயரின் பக்கவாட்டில் வைத்து மெதுவாகச் சுற்றிவாருங்கள். மேடு தட்டுப்பட்டால் அந்த டயரின் கதை முடிந்தது. பக்கச்சுவரை ஒட்டுப்போடவோ பஞ்சர் போடவோ முடியாது, கூடாது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவது ஒன்றே வழி. புடைத்த டயரோடு திருச்சி நெடுஞ்சாலையில் நூறைத் தொடுவது உயிரோடு விளையாடுவது.

இரண்டாவது, காற்று. ட்யூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து வைப்பதே ரிம்மின் உதடும் டயரின் விளிம்பும் கவ்விக்கொள்ளும் இடம்தான். உதடு ஒரு நூலளவு வளைந்தாலும் காற்று கசியும். உரசிய சக்கரத்தில் மட்டும் வாராவாரம் காற்று குறைகிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். பஞ்சர் கடையில் சோப்பு நீரை ரிம் விளிம்பில் ஊற்றிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, ஸ்டீயரிங். நேரான சாலையில் போகும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறுகிறதா? முதல் இரண்டும் வீல் அலைன்மென்ட் விலகியதையோ டை ராடு வளைந்ததையோ சொல்லும். உதறல் பேலன்சிங் தவறியதையோ ரிம் பெண்டானதையோ சொல்லும். மெதுவாக உரசிய கீறலில் இவை அபூர்வம். கல்லில் மோதி ஏறி இறங்கியிருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். மோதிய வேகம் அதிகம் என்றால் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் பெரும்பாலும் வெளியே தெரியாத உள் விளிம்பில்தான் ஒளிந்திருக்கும்.

இந்த மூன்றிலும் பிசகு இல்லையென்றால் உங்களுக்கு நேர்ந்தது அழகு சம்பந்தப்பட்ட இழப்பு மட்டும். அதை நிதானமாகக் கையாளலாம். ஆனால், அப்படியே விட்டுவிடவும் வேண்டாம், குறிப்பாகக் கடலோரத்தில் இருப்பவர்கள். அலாய் வீலின் உலோகம் அலுமினியமும் கொஞ்சம் சிலிக்கானும் கலந்தது. அதன் மேல் பெயிண்ட்டும் அதற்கும் மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட்டும் காவல் நிற்கின்றன. கீறல் அந்தக் காவலை உடைக்கிறது. பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ உப்புக்காற்றும் ஈரமும் அந்த வழியாக உள்ளே போய், கிளியர் கோட்டுக்கு அடியிலேயே ஊர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூக்கவிடும். ஒரு விரல் நீளக் கீறலாக இருந்தது ஒரு மழைக்காலத்தில் ஸ்போக் முழுக்கப் படர்ந்து நிற்கும்.

பட்டறையில் என்ன நடக்கிறது?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் வீலுக்கும் டயருக்கும் வரிசையாகக் கடைகள். ரிம் பெண்டு எடுப்பது, பெயிண்ட் அடிப்பது, லேத்தில் போட்டு மினுக்குவது என எல்லாம் நகரின் பட்டறைகளில் கிடைக்கிறது. எது தேவை என்பது உங்கள் வீல் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

முழுக்க ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்த வீல் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. டயரைக் கழற்றி, கீறலை உப்புத்தாளால் தேய்த்து, பள்ளம் இருந்தால் உலோகப் பட்டி வைத்து, பிரைமர், பெயிண்ட், கிளியர் கோட் என்று வரிசையாக அடித்தால் பழைய தோற்றம் வந்துவிடும். சின்னக் கீறலை வீட்டிலேயே சரிசெய்யலாம். சோப்பு போட்டுக் கழுவிக் காயவிட்டு, எண்ணெய்ப் பசை போகத் தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய விசிட்டிங் கார்டுகளைச் சுற்றிலும் செருகிவிட்டால் டயரில் பெயிண்ட் படாது. 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 800, 1000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டாத அளவுக்கு வழவழப்பானதும் அலுமினியத்துக்கான பிரைமர், பிறகு மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பெயிண்ட். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழிந்துவிடும். காற்றோட்டமான இடத்தில், மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் டிஸ்க்கை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

கறுப்பும் வெள்ளியுமாக மின்னும் 'டைமண்ட் கட்' வீல் என்றால் விஷயம் சிக்கலாகிறது. தொழிற்சாலையில் அந்த வீலுக்கு முதலில் பெயிண்ட் அடித்து, பிறகு கணினி இயக்கும் லேத்தில் மாட்டி, முகப்பை மட்டும் மெல்லச் சீவியிருப்பார்கள். மினுங்குவது பெயிண்ட் அல்ல, வெறும் அலுமினியம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கிராமபோன் தட்டைப் போல வட்ட வட்டமாக நுண்கோடுகள் தெரியும். இதை உப்புத்தாளாலும் ஸ்பிரேயாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மறுபடி லேத்தில்தான் ஏற்ற வேண்டும். வீலைப் பொருத்தியதும் ஓர் உணர்முனை அதன் மேடு பள்ளங்களைத் தொட்டுத் தொட்டு அளந்துகொள்ளும். பிறகு வெட்டுமுனை நடுவிலிருந்து விளிம்பு நோக்கியோ விளிம்பிலிருந்து நடு நோக்கியோ நகர, மயிரிழை போன்ற அலுமினியச் சுருள்கள் உதிரும். கீறல் கண் முன்னாலேயே மறைந்துபோவதைப் பார்க்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால், ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் போய்விடுகிறது. சில தடவைக்கு மேல் ஒரு வீலை இப்படிச் சீவக் கூடாது. வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். திரும்பத் திரும்பக் கீறல் விழும் இடத்தில் வண்டி நிறுத்துபவர்கள், ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்து விட்டுவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் தீர்மானமான கருத்து.

ரிம் வளைந்திருந்தால் மட்டும் மிகக் கவனம். அலாய் வீலை வார்த்த பிறகு 540 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துத்தான் அதன் உறுதியை ஏற்றுகிறார்கள். பட்டறையில் கேஸ் டார்ச்சைக் கொளுத்திச் சூடேற்றிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தும்போது அந்த உறுதி அந்த இடத்தில் போய்விடும். பார்வைக்கு வட்டமாக இருக்கும், பலம் இருக்காது. லேசான வளைவை ஹைட்ராலிக் அழுத்தத்தில் நிதானமாக நிமிர்த்துவது ஒன்று, பெரிய வளைவைத் தீயில் காட்டி நிமிர்த்துவது வேறு. விரிசல் விட்ட வீலுக்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், "வேண்டாம் அண்ணா, புதுசு போட்டுக்கறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். அலுமினியத்தில் தொடங்கிய விரிசல் சும்மா இருக்காது. ஓட ஓட வளரும்.

புது வீல் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய வீல் வாங்கினால் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்சூரன்ஸில் கிளெய்ம் போடலாமா? பெரும்பாலும் வேண்டாம். 1,500 சிசி வரையான காருக்கு முதல் 1,000 ரூபாயையும் அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000 ரூபாயையும் நீங்களே ஏற்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், நோ கிளெய்ம் போனஸ். ஐந்து ஆண்டு கிளெய்ம் போடாமல் இருந்தால் சொந்த சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி. ஒரே ஒரு வீலின் கீறலுக்குக் கிளெய்ம் போட்டால் அது பூஜ்யமாகிவிடும். டயர் மட்டும் சேதமாகி, வண்டியின் வேறு பாகம் எதுவும் அடிபடவில்லை என்றால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடைக்காது. அதற்குத் தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும்.

ஓட்டுபவரும் அசோசியேஷனும்

இனி உரசாமல் இருக்க என்ன வழி? ரிவர்ஸ் எடுக்கும்போது இடப்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பின்சக்கரமும் அதை ஒட்டிய தரையும் அதில் தெரிய வேண்டும். சில கார்களில் ரிவர்ஸ் கியர் போட்டதும் கண்ணாடி தானே இறங்கும். அந்த வசதி இருந்தும் செட்டிங்கில் அணைத்து வைத்திருப்பவர்கள் பலர். குறுகிய கட்டத்தில் நேராக மூக்கை நுழைப்பதைவிட ரிவர்ஸில் போவதே சுலபம். திரும்பும் சக்கரங்கள் முன்னால் இருப்பதால், பின்பக்கம் உள்ளே போன பிறகும் முன்பக்கத்தை இஷ்டப்படி வளைக்க முடியும். கேட்டுக்குள் இடப்பக்கம் திரும்பும்போது தூணை முன்சக்கரம் தாண்டியதும் ஒடிக்காமல், இன்னும் கொஞ்சம் முன்னேறிவிட்டு ஒடியுங்கள். அந்த ஒரு மீட்டர் நினைவிருக்கட்டும்.

வாட்ச்மேன் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும் சார், லெஃப்ட்ல இடம் இருக்கு" என்று கையை ஆட்டுவார். அவர் பார்ப்பது பம்பரை. கல்லை ஒட்டிய சக்கரத்தை அல்ல. சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

ஆனால், எல்லாவற்றையும் ஓட்டுபவர் தலையில் கட்டுவது சரியல்ல. குடியிருப்போர் சங்கங்கள் நினைத்தால் ஒரே மாதத்தில் பாதிப் பிரச்சினையைக் குறைக்கலாம். ஸ்டில்ட்டின் சதுரத் தூண்களுக்கு முட்டியளவு உயரத்துக்கு ரப்பர் மூலைக்காப்பு போடலாம். தூணின் அடியில் மஞ்சளும் கறுப்பும் பளிச்சென்று தெரிய வேண்டும்; பல இடங்களில் அடிக்கும் சிமென்ட் நிறம் மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரிவதில்லை. தூணைச் சுற்றியும் சாய்தளத்தின் இரு ஓரங்களிலும் கட்டி வைத்திருக்கும் கூர்மையான சிமென்ட் விளிம்புகளை மழுக்கிச் சரிவாக்கலாம். அந்த விளிம்புகளால் யாருக்கும் உபயோகம் இல்லை. கார் கழுவும் தண்ணீரைத் தடுக்க யாரோ எப்போதோ கட்டியவை. ஸ்கார்பியோவுக்குத் தூண்களுக்கு நடுவிலும் வேகன்-ஆருக்கு ஓரத்துத் திறந்த இடத்திலும் கட்டம் ஒதுக்கியிருந்தால், இருவரும் பேசி மாற்றிக்கொள்வதற்குச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். மனஸ்தாபம் வரும் என்று பயந்து, அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வீலைச் செதுக்கிக்கொண்டிருப்பது வீண்.

தெருவில் நிலைமை வேறு. பாண்டி பஜார் 2019-இல் அகன்ற நடைபாதைகளோடு புது வடிவம் பெற்றபோது, கார் நிறுத்த இடம் போச்சே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பிளாட்பாரக் கல் நடப்பவர்களைக் கார்களிடமிருந்து காக்கத்தான் இருக்கிறது. அதை வெட்டித் தாழ்த்தச் சொல்வதோ, வீலைக் காப்பாற்ற அதன்மேல் ஏற்றி நிறுத்துவதோ கூடாது. பக்கத்திலேயே தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தமே கட்டியிருக்கிறார்கள். அங்கே விட்டுவிட்டு நாலு எட்டு நடப்பதில் குறைவொன்றும் இல்லை. மாநகராட்சியிடம் கேட்க வேண்டியது வேறு: பார்க்கிங் கோடுகளைக் கல்லை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போடுங்கள், உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் ஓரக் கற்களை மாற்றுங்கள். அந்தக் கம்பிகள் டயரை மட்டுமா, நடப்பவர்களின் கால்களையும் கிழிக்கின்றன.

மத்திய அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. சிறிய காருக்கான வரிச்சலுகையில் நீளத்தோடு அகலத்தையும் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் நம் தெருக்களுக்கு ஏற்ற கார்களை நிறுவனங்கள் தாமாகவே வடிவமைக்கும்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைலேஜையும் சன்ரூஃபையும் விசாரிக்கும் முன், உங்கள் பார்க்கிங் கட்டத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். கேட்டையும் அளந்துகொள்ளுங்கள். ஷோரூமில் காரின் அகலத்தைக் கண்ணாடிகளோடு சேர்த்துக் கேளுங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியை உங்கள் வீட்டுக்கே வரவழைத்து ஒரு முறை உள்ளே நிறுத்திப் பாருங்கள். பிடித்த மாடல் இரண்டு வீல் அளவில் கிடைத்தால் சின்ன வீலையும் தடித்த டயரையும் தேர்ந்தெடுங்கள். டயர் மாற்றும் செலவும் குறையும், பள்ளம் மேட்டில் உட்கார்ந்து போகவும் சுகமாக இருக்கும். வீட்டில் யாராவது உரசிவிட்டு வந்து நின்றால், முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் சாவியைத் திருப்பி அவர்கள் கையிலேயே கொடுங்கள்.